வராத நோயாளிக்கும் நீங்கள்தான் பொறுப்பு



மருத்துவம், செவிலியம், துணை மருத்துவப் படிப்புகளில் இன்று பட்டம் பெறும் அன்பு மாணவ மாணவியரே, உங்களில் பலர் ஊரடங்குக் காலத்தில் கைபேசித் திரையில் பாடம் கேட்டவர்கள். இன்றோ நோயாளியின் கையைப் பிடித்து நாடி பார்க்கும் உரிமையோடு வெளியே போகிறீர்கள். உங்களையும் உங்களை ஆளாக்கியவர்களையும் மனமாரப் பாராட்டுகிறேன். பட்டமளிப்பு உரை என்றால் பல அறிவுரைகளை எதிர்பார்ப்பீர்கள். நான் ஒன்றே ஒன்றைப் பற்றித்தான் பேசப்போகிறேன். கொள்ளைநோய் பரவும் காலத்தில் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு யார் வருகிறார்கள், யார் வராமல் போகிறார்கள் என்பதே அது.

கொள்ளைநோய் என்றதும் கேஷுவாலிட்டியில் கூட்டம் அலைமோதும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். 2020-இல் பல நாடுகளில் நடந்தது நேர்மாறானது. அமெரிக்காவில் 2019 ஏப்ரலை ஒட்டிய நான்கு வாரங்களில் சராசரியாக வாரத்துக்கு 21 லட்சம் பேர் அவசர சிகிச்சைக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டு, கோவிட் பரவிய அதே வாரங்களில், 12 லட்சம் பேர்தான் வந்தார்கள். 42 சதவீதம் சரிவு. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் வருகை இன்னும் வேகமாகக் குறைந்தது. இங்கிலாந்தில் 2019 ஏப்ரலில் 21 லட்சத்தைத் தாண்டிய எண்ணிக்கை, 2020 ஏப்ரலில் 9,16,581-ஆக இறங்கியது. பாதிக்கும் கீழ்.

இந்தச் சரிவு முழுவதையும் கெட்ட செய்தி என்று சொல்ல மாட்டேன். சாலையில் வண்டிகள் இல்லை, விபத்துகள் குறைந்தன. பள்ளிகள் மூடிக்கிடந்தன, பிள்ளைகளுக்கு ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டும் சளியும் காய்ச்சலும் குறைந்தன. நம் நாட்டில் 2020 மார்ச் 25-ஆம் தேதியே தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிகள் வெளிவந்தன. சாதாரணத் தொந்தரவுகளுக்குத் தொலைபேசியிலேயே மருத்துவரைக் கேட்க வழி பிறந்தது. அவசர சிகிச்சை தேவைப்படாதவர் வீட்டிலேயே இருந்தால் நமக்கும் நல்லது, அவருக்கும் நல்லது.

ஆனால் மாரடைப்பு ஊரடங்கு உத்தரவைப் படித்துவிட்டு வருவதில்லை. அமெரிக்காவில் கோவிட் அவசரநிலை அறிவிக்கப்பட்டதைத் தொடர்ந்த பத்து வாரங்களில், அதற்கு முந்தைய பத்து வாரங்களோடு ஒப்பிட்டால், மாரடைப்போடு வந்தவர்கள் 23 சதவீதம் குறைந்தார்கள். பக்கவாதத்தோடு வந்தவர்கள் 20 சதவீதம் குறைந்தார்கள். சர்க்கரை கட்டுமீறி ஏறி வந்தவர்கள் 10 சதவீதம் குறைந்தார்கள். இந்த நோய்கள் இரண்டு மாதத்தில் இவ்வளவு தூரம் குறைய மருத்துவக் காரணம் எதுவும் போதாது. நோயாளி இருந்தார், நம் வாசலுக்கு வரவில்லை.

வராதவர் எங்கே போனார்? வட இத்தாலியின் லம்பார்டிப் பகுதியில் ஒரு பதில் கிடைக்கிறது. லோடி, கிரெமோனா, பாவியா, மாந்துவா என்ற நான்கு மாகாணங்களில், தொற்று வெடித்த முதல் 40 நாட்களில், மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றுபோனவர்கள் 362 பேர். முந்தைய ஆண்டு அதே நாட்களில் 229 பேர். 58 சதவீத உயர்வு. கூடுதலானவர்களில் பெரும்பகுதியினர் கோவிட் உறுதியானவர்கள் அல்லது கோவிட் என்று சந்தேகிக்கப்பட்டவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆம்புலன்ஸ் வந்து சேர வழக்கத்தைவிட மூன்று நிமிடம் கூடுதலாயிற்று. பக்கத்தில் இருந்தவர்கள் நெஞ்சை அழுத்தி உயிர் மீட்க முயல்வதும் குறைந்தது. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்ற பயம் நிலவிய காலத்தில் இதயம் நின்றவருக்கு அந்த மூன்று நிமிடம் எவ்வளவு என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

மக்கள் ஏன் வரவில்லை? அறியாமை என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடாதீர்கள். அவர்களுடைய பயத்துக்கு ஆதாரம் உண்டு. 2015 மே மாதம் தென்கொரியாவில் மெர்ஸ் பரவியபோது, சியோலின் சாம்சங் மருத்துவ மையத்தின் அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரே ஒரு நோயாளி மூன்று நாள் இருந்தார். அவரிடமிருந்து 82 பேருக்குத் தொற்று பரவியது. அவர்களில் 33 பேர் நோயாளிகள், 8 பேர் ஊழியர்கள், 41 பேர் துணைக்கும் பார்ப்பதற்கும் வந்தவர்கள். வேறு ஏதோ தொந்தரவுக்கு வந்து, பக்கத்துப் படுக்கையில் கிடந்த ஒரே காரணத்துக்காக நோய் வாங்கிப் போனவர்கள் அதில் உண்டு. அவசர சிகிச்சைப் பிரிவே தொற்றின் சந்தையாக மாறக்கூடும் என்பதை மக்கள் சரியாகத்தான் புரிந்துகொண்டார்கள்.

பயம் எதன் மீது என்பதைப் பொறுத்தே கூட்டம் எந்தப் பக்கம் நகரும் என்பது அமைகிறது. 2003-இல் சார்ஸ் மருத்துவமனைகளுக்குள்ளேயே பரவியது. தைவானில் வெளிநோயாளிகள் ஏறத்தாழ கால்பங்கும், உள்நோயாளிகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும் குறைந்தார்கள். 2009-இல் பன்றிக்காய்ச்சல் வந்தபோதோ, லேசான காய்ச்சலுக்கே பெற்றோர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். அமெரிக்காவின் குழந்தைகள் அவசர சிகிச்சைப் பிரிவுகள் திணறின. நோயைக் கண்டு பயந்தால் மக்கள் நம்மிடம் வருகிறார்கள். நம்மைக் கண்டு பயந்தால் வீட்டோடு இருந்துவிடுகிறார்கள்.

நம் ஊரில் அந்தப் பயத்தின் முகம் வேறு. 2020-இல் தொற்று வந்த வீட்டு வாசலில் தகரம் அடித்ததைப் பார்த்திருப்பீர்கள். பஸ் ஓடவில்லை, மாவட்டம் தாண்ட இ-பாஸ் தேவைப்பட்டது. அப்போது ஒரு கிராமத்து வீட்டில் நள்ளிரவு இரண்டு மணிக்கு என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஐம்பத்தைந்து வயது அம்மாவுக்கு நெஞ்சை அடைக்கிறது, இடது தோள் வலிக்கிறது, புடவை நனையும் அளவுக்கு வியர்வை. மகன் 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போகிறான். அம்மா தடுக்கிறாள்: “வேண்டாம்பா, டெஸ்ட் எடுக்கணும்பாங்க, தெருவையே அடைச்சிடுவாங்க. வாயுப் பிடிப்புதான், விடிஞ்சா சரியாயிடும்.” ஓமத் தண்ணீர் கொடுக்கிறார்கள். விடிந்ததும் வலி கொஞ்சம் தணிகிறது. மறுநாள் இரவு மூச்சு வாங்கத் தொடங்கியபிறகுதான் கிளம்புகிறார்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட உகந்த முதல் 12 மணி நேரம் அதற்குள் ஓடிப்போய்விடுகிறது. வாசலில் கேட்கும் முதல் கேள்வி, “காய்ச்சலா, இருமலா?” மூச்சுத் திணறல் என்றதும் அவளைக் கோவிட் பக்கம் அனுப்புகிறார்கள். ஈசிஜி இன்னும் தள்ளிப்போகிறது. இதில் தவறு செய்தவர் என்று ஒருவரைச் சுட்ட முடியாது. ஆனாலும் இதயத் தசையில் ஒரு பகுதி போனது போனதுதான்.

பிறகு மறுபக்கத்தையும் பார்த்தோம். 2021 மே மாதம், இரண்டாம் அலை. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கு வெளியே ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி நின்றன. வண்டிக்குள்ளேயே நோயாளிகள் ஆக்சிஜன் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அந்த வரிசை ஏன் உண்டானது என்பதை நீங்கள் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். வாசலில் ஆள் குறைவு என்பது மட்டும் காரணமல்ல. மேல்தளத்து வார்டில் ஆக்சிஜன் படுக்கை காலியாகவில்லை. அதனால் கேஷுவாலிட்டியில் இருப்பவரை மேலே ஏற்ற முடியவில்லை. அதனால் வண்டியில் இருப்பவரை உள்ளே இறக்க முடியவில்லை. அந்த 108 வண்டியின் ஓட்டுநரும் மருத்துவ உதவியாளரும் அங்கேயே மாட்டிக்கொண்டால், வேறொரு தெருவில் பாம்பு கடித்தவருக்கு அனுப்ப வண்டி இல்லை. வாசல் அடைத்துக்கொண்டால் அதற்கான மருந்து பெரும்பாலும் வார்டில்தான் இருக்கிறது.

அலை ஓய்ந்தபிறகும் கணக்கு முடிவதில்லை. இங்கிலாந்தில் 2022 டிசம்பரில், உள்ளே சேர்க்க வேண்டும் என்று முடிவெடுத்த பிறகும் 12 மணி நேரத்துக்கு மேல் படுக்கைக்குக் காத்திருந்தவர்கள் 54,000-க்கும் அதிகம். தள்ளிப்போட்ட சிகிச்சைகள், களைத்துப்போன ஊழியர்கள், வீடு திரும்பத் தயாராக இருந்தும் அனுப்ப வழியில்லாத முதியவர்கள் எல்லாம் சேர்ந்து வாசலில் வந்து நின்றன.

அன்பு மாணவர்களே, இவ்வளவும் சொன்னது நான்கு வேண்டுகோள்களுக்காக.

முதலாவது, வராதவரையும் கணக்கில் எடுங்கள். வழக்கமாக வாரத்துக்குப் பத்து மாரடைப்பு வரும் இடத்தில் ஐந்துதான் வந்தால், இந்த வாரம் வேலை குறைவு என்று மகிழாதீர்கள். பதிவேட்டைப் போன ஆண்டோடு ஒப்பிட்டு, வட்டார சுகாதார அலுவலருக்கும் கிராமச் செவிலியருக்கும் தகவல் சொல்லுங்கள். மீதி ஐந்து பேர் அவர்களுடைய தெருக்களில் இருப்பார்கள்.

இரண்டாவது, வாசலைப் பத்திரமாக்கிவிட்டுப் பிறகு கூப்பிடுங்கள். தொற்று சந்தேகம் உள்ளவருக்குத் தனி வழி, மற்றவர்களுக்குத் தனி வழி, காற்றோட்டம், முகக்கவசம், துணைக்கு ஒருவர் மட்டும். இதைச் செய்யாமல் “பயப்படாமல் வாருங்கள்” என்று ஒலிபெருக்கியில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது.

மூன்றாவது, ஊரெல்லாம் ஒரே நோய் பேசப்படும்போது உங்கள் கண் மட்டும் எல்லா நோய்க்கும் திறந்திருக்கட்டும். மூச்சு வாங்குவதெல்லாம் தொற்று அல்ல. பரிசோதனை முடிவு வரும்வரை ஈசிஜியைக் காக்க வைக்காதீர்கள்.

நான்காவது, தாமதமாக வந்தவரைத் திட்டாதீர்கள். “இவ்வளவு நேரம் என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?” என்ற ஒரு கேள்வி, நோயாளி வீடு திரும்புவதற்கு முன்பே ஊருக்குள் போய்விடும். அடுத்தவர் அதைக் கேட்டுவிட்டு இன்னும் தாமதமாக வருவார். எப்போது வந்தாலும் “வந்தீங்களே, நல்லதாப் போச்சு” என்று சொல்லி உள்ளே அழைத்துப் போங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊரில் எந்த நோய் பரவினாலும் நெஞ்சு வலி, வாய் கோணல், கைகால் இழுப்பு, பாம்புக்கடி, பிரசவ வலி எதையும் விடியட்டும் என்று விடாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.

அடுத்த கொள்ளைநோய் எந்த ஆண்டு, எந்த வடிவில் வரும் என்று நமக்குத் தெரியாது. வரும்போது அந்த வாசலில் நிற்கப்போவது நீங்கள்தான். உள்ளே வந்தவரைக் காப்பாற்றக் கற்றுக்கொண்டதற்காகத்தான் இன்று பட்டம் வாங்குகிறீர்கள். வெளியே தயங்கி நிற்பவரையும் உங்கள் நோயாளியாகவே நினைத்து வேலை செய்யுங்கள். நீங்கள் நீடூழி வாழ்ந்து, உங்கள் கையால் பலர் பிழைக்க வாழ்த்துகிறேன்.