கதைக்கு ஊரைத் தாண்ட வேண்டியதில்லை

(நம் சங்கத்தின் குடும்ப விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை மாலையில் நம் ஹால் பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். ஐந்தாறு பிள்ளைகள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். கையில் செல்போன் இருக்காது. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் குறுக்கே பேசுவார்கள். பிறகு பகடை உருளும், பெரிய கூச்சல் எழும். சீட்டாட்டமா என்று என்னிடமே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். அதற்குப் பெயர் டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம். ஒருவர் கதையை நடத்துவார், அவர் கேம் மாஸ்டர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, "நான் மதில் ஏறுகிறேன்", "நான் காவலாளியிடம் பேச்சுக் கொடுக்கிறேன்" என்பார்கள். நடந்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். 15 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும் என்றால் நூற்றுக்கு முப்பது வாய்ப்பு. கணக்கும் இருக்கிறது, கற்பனையும் இருக்கிறது. ஒரே கதை மாதக்கணக்கில் தொடர்ந்தால் அதைக் கேம்பெயின் என்கிறார்கள்.

அந்த ஆட்டம் இப்போது நின்றுவிடும் போலிருக்கிறது. நடத்துகிற பிள்ளை என்னிடம், "தாத்தா, கதை தீர்ந்து போச்சு. டிராகன், குகை, புதையல் எல்லாம் வந்துடுச்சு. இனிமே என்ன சொல்றதுன்னு தெரியல" என்றான். வாரம் ஒரு நாளாவது நேருக்கு நேர் முகம் பார்த்துப் பேசுகிற பிள்ளைகள் கலைந்து போனால் நஷ்டம் நம் எல்லோருக்கும்தான். அதனால் இந்தப் பேச்சு அவனுக்காகவும், அவனுக்குக் கதை கொடுக்கக்கூடிய உங்களுக்காகவும்.

இந்த வகை ஆட்டத்தில் முதலில் அச்சில் வந்தது "டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்". 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கினார்கள். 1979-ல் கைகாக்ஸ் கேம் மாஸ்டர்களுக்காக ஒரு கையேடு எழுதினார். அதன் பின்னிணைப்பு ஒன்றில், தனக்கு ஊக்கம் தந்த கதாசிரியர்களின் பட்டியலைக் கொடுத்தார். ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரே தான் படித்ததிலிருந்துதான் எடுத்தார். அவர் ஊரில் அவர் படித்த கதைகள் அவை. நம் ஊரில் நமக்கு என்ன இருக்கிறது என்று நாம் பார்க்க வேண்டும். கேம் மாஸ்டர் வேலையும் நமக்குப் புதிதில்லை. தெருக்கூத்தில் கட்டியக்காரன் செய்வது ஏறக்குறைய அதுதான். கதையை எடுத்துக் கொடுப்பான், நடுவில் புகுந்து கேள்வி கேட்பான், சபையைப் பார்த்து அங்கேயே வசனம் சேர்ப்பான்.

நான் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன். கடன் கேட்டு வருகிறவரிடம் மூன்று விஷயம் கேட்போம். பணம் எதற்கு? ஈடாக எதை வைக்கிறீர்கள்? எப்போதுக்குள் திருப்புவீர்கள்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் ஒரு குடும்பத்தின் கதையே நம் முன்னால் வந்து நின்றுவிடும். கேம் மாஸ்டருக்கும் இதையே சொல்கிறேன். எந்தச் சம்பவத்தை எடுத்தாலும், இவருக்கு என்ன வேண்டும், எதைப் பணயம் வைக்கிறார், கெடு எப்போது என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் இருந்தால் அதில் ஆட்டம் இருக்கிறது.

நம் அரியாங்குப்பத்திலேயே சோதித்துப் பார்ப்போம். வீராம்பட்டினம் போகிற வழியில் ஆற்றங்கரையில் இருக்கிறது அரிக்கமேடு. 1937 வாக்கில் ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர் இங்கே கிடைத்த மணிகளையும் கற்களையும் உள்ளூர்ச் சிறுவர்களிடமிருந்து வாங்கினார். அவருக்குக் கிடைத்த கல் ஒன்றில் செதுக்கியிருந்த முகம் ரோமப் பேரரசர் அகஸ்டஸ் என்று அவர் கருதினார். 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். இத்தாலியின் அரெஸ்ஸோ பகுதியைச் சேர்ந்த சிவப்புப் பாத்திரத் துண்டுகளும், மதுவும் எண்ணெயும் வந்த ஆம்போரா ஜாடிகளும் கிடைத்தன. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் மறுபடியும் தோண்டி, ரோமானியப் பொருள்கள் வருவதற்கு முன்பே இங்கே ஊர் இருந்தது என்று காட்டினார்கள். கிரேக்க வணிகர் ஒருவர் முதல் நூற்றாண்டில் எழுதிய கடல்வழிக் குறிப்பில் வரும் "பொதுகே" துறைமுகம் இதுதான் என்பது பல அறிஞர்களின் கருத்து.

இப்போது மூன்று கேள்வி. கப்பல்காரருக்கு மணியும் துணியும் வேண்டும். பணயம், கடன் வாங்கிய பணம். கெடு, காற்று. தென்மேற்குப் பருவக்காற்றில் வந்தவர்கள் வடகிழக்குக் காற்றில்தான் திரும்ப முடியும். தவறவிட்டால் அடுத்த வருஷம். கடன் என்று சும்மா சொல்லவில்லை. வியன்னாவில் இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் தாள் ஒன்று இருக்கிறது. முசிறிக்குப் போகும் பயணத்துக்கான கடன் ஒப்பந்தம் அதன் ஒரு பக்கத்தில் இருக்கிறது. ஹெர்மபொல்லோன் என்ற கப்பலில் வந்த சரக்கின் மதிப்பு மறுபக்கத்தில் இருக்கிறது. முசிறி மேற்குக் கரையில் இருந்தாலும் வியாபாரமும் காற்றும் ஒன்றுதான். ஒரு பிள்ளை மணி செய்கிறவள், ஒருவன் மாலுமி, ஒருவன் மொழி பெயர்க்கிறவன். காற்று திரும்ப இன்னும் பத்து நாள். சரக்குப் பாதிதான் தயார். தம்பி, இதுவே மூன்று ஞாயிற்றுக்கிழமைக்குக் காணும்.

கோட்டை முற்றுகை வேண்டுமா? அதுவும் நம் ஊரில் நடந்தது. அரியாங்குப்பத்தில் பிரெஞ்சுக்காரர்களுக்கு ஒரு சிறு கோட்டை இருந்தது. 1748-ல் ஆங்கிலேயத் தளபதி பாஸ்காவன் புதுச்சேரியைப் பிடிக்க வந்தவர், முதலில் இதை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தார். மதில் ஏற ஏணி கொண்டுவராமலே படை தாக்கியது, அடிபட்டுத் திரும்பியது. பிறகு உள்ளே வெடிமருந்து வெடித்ததில்தான் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையை விட்டுப் போனார்கள். இங்கே வீணான நாள்கள் பாஸ்காவனுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அக்டோபரில் மழைக்காலம் வந்ததும் முற்றுகையைக் கைவிட்டார். அப்போது ஊர் எப்படி இருந்தது என்பதை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் படிக்கலாம். தமிழில் எழுதினது. அவர் கவர்னர் துய்ப்ளெக்ஸின் துபாஷி, இரு தரப்பையும் தெரிந்த மனிதர். பிரபஞ்சன் அந்த நாட்குறிப்பிலிருந்துதான் "மானுடம் வெல்லும்", "வானம் வசப்படும்" நாவல்களுக்கு ஊக்கம் பெற்றார்.

தோற்றாலும் கதை முடியாது என்பதற்கு ஒருவர் இருக்கிறார். லெ ழாந்தி என்ற பிரெஞ்சு வானியல் அறிஞர். 1761-ல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்குக் கிளம்பினார். வழியிலேயே ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. ஆடும் கப்பலில் இருந்து பார்த்தார், அளக்க முடியவில்லை. அடுத்தது 1769-ல். ஊருக்குத் திரும்பாமல் எட்டு வருஷம் காத்திருந்தார். இந்த முறை புதுச்சேரியிலேயே கருவிகளை வைத்துத் தயாராக இருந்தார். நேரம் வந்தபோது மேகம் மூடிக்கொண்டது. 1771-ல் பிரான்சு திரும்பினால், அவர் இறந்துவிட்டதாக நினைத்து வாரிசுகள் சொத்தைப் பிரிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய உதவியாளராக விளையாட உங்களில் யார் தயார்?

பெரியவர்களிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி, இந்தியாவோடு இணைவதா என்று வாக்களித்தார்கள். ஆதரவு 170, எதிர்ப்பு 8. ஆளுக்கொரு பிரதிநிதியாக உட்கார்ந்து, முந்தின நாள் இரவை விளையாடிப் பாருங்கள். அந்த எட்டுப் பேருக்கும் காரணம் இருந்திருக்கும். அதை யோசிக்கப் பழகுகிற பிள்ளை, நாளைக்கு நம் சங்கக் கூட்டத்தில் எதிர்த்துப் பேசுகிறவரையும் பொறுமையாகக் கேட்கும். அந்தக் காலத்தைப் பார்த்த தாத்தா பாட்டிகள் நம் வீடுகளிலேயே இருக்கலாம். போய்க் கேளுங்கள்.

கேம் மாஸ்டருக்கு ஒரு வார்த்தை. சம்பவத்தை எடுத்துக்கொள், முடிவை எழுதாதே. நாவல் எழுதுகிறவருக்கு முடிவு தெரிந்திருக்கலாம். உனக்குத் தெரியக் கூடாது. உன் மேசையில் பாஸ்காவன் ஏணியோடு வரட்டும், மேகம் விலகட்டும். நிஜத்தில் என்ன நடந்தது என்று ஆட்டம் முடிந்த பிறகு சொல். அப்போதுதான் சரித்திரம் அவர்கள் மனதில் ஒட்டும்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் காலையில் அரிக்கமேட்டுக்குப் போய் வாருங்கள். மரங்களும், பழைய மிஷன் கட்டடத்தின் இடிந்த சுவரும்தான் கண்ணுக்குத் தெரியும். மற்றது மண்ணுக்குள் இருக்கிறது. மணியோ ஓடோ தென்பட்டால் எடுத்து வராதீர்கள். பாதுகாக்கப்பட்ட இடம் என்பது மட்டும் காரணமில்லை. எந்த அடுக்கில் கிடைத்தது என்பதுதான் ஆய்வாளருக்கு முக்கியம், பையில் போட்டுவிட்டால் அந்தச் செய்தி அழிந்துவிடும். கதையை மட்டும் எடுத்து வாருங்கள், அது குறையாது.

நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிறு மாலை நான்கு முதல் ஏழு வரை ஹாலைப் பிள்ளைகளுக்கே விடுங்கள். மின்விசிறி, விளக்குச் செலவுதான் ஆகும். பெரியவர்கள் மாதம் ஒருவராவது போய் உட்கார்ந்து, தெரிந்த ஒரு சம்பவத்தைச் சொல்லிவிட்டு வாருங்கள். முதல் மாதம் நான் போகிறேன்.