உழவர் பணமும் ஊரறிந்த கணக்கும்

(உழவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



தமிழாசிரியனுக்கும் பணக்கணக்கிற்கும் என்ன தொடர்பென்று சிலர் எண்ணக்கூடும். தொடர்பு அப் பணத்தின் பெயரிலேயே தொடங்குகின்றது. 'பிரதான் மந்திரி கிசான் சம்மான் நிதி' என்பது அதன் பெயர். இறுதிச் சொல்லைத் தவிர இதில் எது நம் உழவனுக்கு விளங்கும்? பெயரே விளங்காதவனுக்கு அதன் நெறிமுறை எங்ஙனம் விளங்கும்?

நடுவணரசு 2019-இல் தொடங்கிய திட்டம் அது. நிலமுடைய உழவர் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 6,000 உருபா, மும்முறையாக 2,000 வீதம் வைப்பகக் கணக்கில் செலுத்தப்பெறும். 2020 மார்ச்சில் மகுடத் தொற்றால் நாடே அடைபட்டபோது, ஒரு தவணையை ஏப்பிரலிலேயே முன்கூட்டித் தருவதாக அறிவித்தனர். அது புதுப்பணமன்று, எவ்வாறாயினும் வரவேண்டிய பணமே. அதற்குத்தான் தொற்றுக்கால உதவியென்று பெயர் சூட்டினர்.

அப் பெயரே தரகர்க்குத் தூண்டிலாயிற்று. "கொரோனாப் பணம் வருகிறது, ஆதார் அட்டையும் வைப்பகச் சுவடியும் கொடு" என்று சொல்லிச் சொல்லி, நிலமில்லாதாரையெல்லாம் உழவரென்று பதிந்தனர். அலுவலர்க்கே உரிய கடவுச்சொற்கள் வெளியார் கைக்குப் போயிருந்தன. அவ்வாண்டு ஆகசுட்டு, செபுதம்பரில் உண்மை வெளிப்பட்டபோது, கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட 13 மாவட்டங்களில் தகுதியற்றோர் ஏறத்தாழ 5.5 இலக்கம் பேர், போன பணம் 110 கோடி உருபா என்று அரசே கூறிற்று. 80 பேர் பணிநீக்கப்பட்டனர். காவல்துறையின் குற்றப்புலனாய்வுப் பிரிவு வழக்குத் தொடுத்தது. பணத்தைத் திரும்பப் பெறும் வேலையும் தொடங்கியது.

யாரிடம் திரும்பப் பெற்றனர்? என்னிடம் பயின்ற மாணவன் ஒருவனின் தாயார் நாற்று நடுபவர். அவர் கணக்கில் 4,000 உருபா வந்தது. அதில் பாதியைத் தரகன் வாங்கிக்கொண்டான். பின்னர் வந்தவர்களோ முழுத்தொகையையும் கேட்டனர். "நான் கேட்கவில்லையே ஐயா, அவர்களாகத்தானே எழுதிக்கொண்டு போனார்கள்" என்று என்னிடம் கலங்கினார். கடன் வாங்கித்தான் கட்டினார்.

இன்னொரு கொடுமையும் உண்டு. கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் தலைமுறை தலைமுறையாகக் குத்தகைக்கு உழுவோர்க்கு இத் திட்டத்தில் ஒரு காசும் இல்லை. சேற்றில் நிற்பவனுக்கில்லை, பட்டாவில் பெயருள்ளவனுக்கே உண்டு. (இப் 'பட்டா'வுக்கும் ஒரு நல்ல தமிழ்ச்சொல்லை நாம் நாட்டவேண்டும், அது வேறு பேச்சு.)

ஊர்வாரிப் பெயர்ப்பட்டியல் இணையத்தில் உள்ளதே என்பர். இணையத்திலிருப்பது ஊரறிந்ததாகுமா? 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, உதவித்தொகை பெறுவோர் விளத்தங்களைக் கேளாமலே வெளியிடுக என்கிறது; வட்டார மொழியைக் கருத்திற் கொள்க என்றும் சொல்கிறது. நடுவணரசுக்கு எட்டாண்டு முன்னரே, 1997-இல், இத்தகைய சட்டம் கண்டது தமிழ்நாடு. ஆனால் பட்டியலை உரக்கப் படித்துக்காட்ட வேண்டிய ஊர்மன்றக் கூட்டங்களோ 2020 மே 1, ஆகசுட்டு 15, அக்தோபர் 2 ஆகிய மூன்று நாளும் தொற்றின் பெயரால் நடவாது போயின. வாயிலைப் பூட்டிய காலத்திலேயே களவு நிகழ்ந்தது.

உத்தரமேரூர்க் கல்வெட்டை எண்ணிப்பாருங்கள். முதற் பராந்தகன் காலத்தது. அது பார்ப்பனரூரின் அவைதான். அதை நான் மறைக்கவில்லை. எனினும், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியம் ஏறலாகாது என்று கோயிற் சுவரிலேயே வெட்டிவைத்தனர்.

வரும் நவம்பர் 1-ஆம் நாள் ஊர்மன்றக் கூட்டத்தில், நம் தோழர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் எழுந்து, "பணம் பெறுவோர் பெயர்களைத் தமிழிற் படியுங்கள்" என்று கேட்க வேண்டுகிறேன். மறுப்பின், 10 உருபாக் கட்டணத்தோடு வேண்டுகை மடல் விடுங்கள். 30 நாளில் விடை தந்தாகவேண்டும். எழுத வராதவர்கள் ஞாயிறு காலையில் என் வீட்டுத் திண்ணைக்கு வாருங்கள். நான் எழுதித் தருகிறேன்.