மந்தம் என்னும் சொல்

வடநாட்டு நகரங்களில் குடியேறியுள்ள தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் முறையீடு ஒன்று உண்டு. “ஊரில் இருந்தவரையில் பையன் நன்றாகத்தான் படித்தான். இங்கே வந்தபிறகு மந்தமாகிவிட்டான். புத்தகத்தை விரித்தால் கொட்டாவி, ஒரு கேள்வி கேட்டால் விழிக்கிறான், எதிலும் ஊக்கமில்லை” என்பார்கள். பத்து முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பற்றியே இப்பேச்சு மிகுதியாக எழுகிறது. இது எத்துணை உண்மை என்று சிறிது ஆராய்வோம்.

திருச்சியிலிருந்து தில்லிக்கு மாற்றலாகி வந்த ஒரு குடும்பத்தை நான் அறிவேன். மகனுக்கு வயது 11. அரையாண்டுத் தேர்வில் கணக்கிலும் இந்தியிலும் தேறவில்லை. தந்தையார் மனமுடைந்து, பையனைத் தாத்தா வீட்டிற்கே திருப்பி அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்தார். ஒரு நாள் மாலை அன்னையார் கடைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். “நாற்பத்தொன்பதும் முப்பத்தொன்பதும் போனால் நூறு ரூபாயில் மீதி எவ்வளவடா?” என்றார். “பன்னிரண்டு அம்மா” என்று உடனே விடை வந்தது. அருகிலிருந்த தந்தையார் வியந்து, அதே கணக்கை இந்தியில் கேட்டார். பையன் தலை குனிந்து நின்றான்.

காரணம் என்ன? தமிழில் நாற்பத்தொன்பது என்றால் நாற்பதும் ஒன்பதும் என்பது சொல்லிலேயே விளங்குகிறது. இந்தியிலோ 49 என்பது ‘உன்சாஸ்’. 39 என்பது ‘உன்தாலீஸ்’. நூறு வரையில் பெரும்பாலும் ஒவ்வோர் எண்ணின் பெயரையும் தனித்தனியே மனப்பாடம் செய்தாக வேண்டும். வகுப்பில் ஆசிரியர் எண்களைச் சொல்லும்போது, மற்றப் பிள்ளைகள் கணக்கைப் போடுகிறார்கள்; நம் பிள்ளை எண்ணைத் தேடுகிறான்.

எழுத்திலும் இத்தகைய இடர் உண்டு. நமக்குக் ககரம் ஒன்றே. இந்தியில் அவ்விடத்தில் நான்கு எழுத்துக்கள். நம் மொழியில் உயர்திணைக்கு மட்டுமே ஆண்பால், பெண்பால். இந்தியில் ரொட்டி பெண்பால், தண்ணீர் ஆண்பால். இவற்றில் பிழை செய்வது அறிவுக் குறை ஆகாது. ஒரு மொழியின் ஒழுங்கை நன்கு கற்ற குழந்தை, மற்றொன்றின் ஒழுங்கிற்குள் நுழையும்போது தடுமாறுவது இயல்பே.

“தெருவில் இந்தி சரளமாகப் பேசுகிறானே?” என்று சிலர் வினவலாம். கனடா நாட்டுக் கல்வியறிஞர் ஜிம் கம்மின்ஸ் இதனைத் தெளிவுபடுத்தியுள்ளார். புதிய மொழியில் விளையாட்டுப் பேச்சு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் கைவந்துவிடும். பாடம் பயிலுவதற்குரிய மொழித் திறன் முற்றுவதற்கு ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலுமோ ஆகும். நாம் அந்த முதல் திறனைக் கண்டு, இரண்டாவதும் வந்துவிட்டதாக எண்ணி ஏமாறுகிறோம்.

ஆகவே பெற்றோர் முதலில் செய்யத்தக்க சோதனை எளிது. பாடத்தைத் தமிழில் கேட்டுப் பாருங்கள். தமிழில் விரைந்து விடை சொன்னால், தடை மொழியில்தான் இருக்கிறது. தமிழிலும் அதே தயக்கம் இருந்தால், வேறு காரணத்தைத் தேடுதல் வேண்டும்.

அக்காரணங்களுள் பல உடலைச் சார்ந்தவை. கரும்பலகை தெளிவாகத் தெரியாத குழந்தை, உலகம் எல்லோருக்கும் அப்படித்தான் தெரிகிறது என்று எண்ணிக்கொண்டிருக்கும். தானாக வந்து சொல்லாது. காது சற்று மந்தமான குழந்தையும் அப்படியே. 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரம் உறக்கம் தேவை. இரவு நெடுநேரம் கைப்பேசியுடன் விழித்து, விடியற்காலையில் பள்ளி வண்டிக்கு ஓடும் பிள்ளைக்கு இது எங்கே கிடைக்கும்? இரத்தத்தில் இரும்புச் சத்துக் குறைந்தாலும் சோர்வும் கவனக்குறைவும் தோன்றும். 5 முதல் 11 வயது வரையில் ஹீமோகுளோபின் அளவு டெசிலிட்டருக்கு 11.5 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை எனக் கொள்வர். உணவோடு தேநீர் அருந்துவது இரும்புச் சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். எலுமிச்சஞ்சாறு அதனைப் பெருக்கும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும், எந்த மொழியிலும் எழுத்துக் கூட்டிப் படிக்க இடர்ப்படும் குழந்தைகள் உண்டு. இது கற்றல் குறைபாடு, சோம்பலன்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்டுள்ள 21 வகைகளுள் இதுவும் ஒன்று. முறைப்படி சான்று பெற்றால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் முதலிய சலுகைகள் உண்டு. கவனம் நிலைகொள்ளாத குழந்தைகளும், இடையிடையே சில விநாடிகள் வெறித்துப் பார்த்து நின்றுவிடும் குழந்தைகளும் மருத்துவரிடம் காட்டப்பெறல் வேண்டும்.

அறிவை அளக்கும் தேர்வினை 1905இல் சிமோனுடன் சேர்ந்து வகுத்தவர் பிரெஞ்சு அறிஞர் ஆல்ஃபிரெட் பினே. எந்தக் குழந்தைக்கு உதவி தேவை என்பதை அறியவே அவர் அதனை வகுத்தார். அறிவு என்றும் மாறாத ஓர் அளவு என்ற கொள்கையை அவர் மறுத்தார். ‘மந்தம்’ என்று முத்திரையிடும் நாமோ, உதவி தொடங்க வேண்டிய இடத்தில் பேச்சை முடித்துவிடுகிறோம். பலமுறை அச்சொல்லைக் கேட்ட குழந்தை அதனை நம்பிவிடுகிறது. முயன்று தோற்பதைவிட முயலாதிருப்பதே மேல் என்று ஒதுங்குகிறது. நாம் ஊக்கமின்மை என்று கூறுவது பெரும்பாலும் இந்த ஒதுக்கமே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். “வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்துங்கள்” என்று சிலர் அறிவுரை கூறுவர். அதனை ஏற்க வேண்டா. பொருள் ஒரு மொழியில் தெளிவாக விளங்கிவிட்டால், மற்றொரு மொழியில் அதற்குரிய சொல்லைக் கற்றாலே போதும். தாய்மொழியையும் பறித்துவிட்டால் குழந்தை எதைப் பற்றிக்கொண்டு ஏறும்?

நான் கூறிய தில்லிச் சிறுவன் ஊருக்கு அனுப்பப்படவில்லை. தந்தையார் நாள்தோறும் கால் மணி நேரம் அவனோடு இந்தி எண்களைச் சொல்லிப் பழகினார். தமக்கே பாதி தெரியாதென்பதை அப்போது உணர்ந்தாராம். பாடத்தை அன்னையார் தமிழில் விளக்கினார். ஆண்டிறுதியில் அவன் முதல் மாணவனாக வரவில்லை, தேறினான். அதைவிடப் பெரிய செய்தி, வகுப்பில் கையுயர்த்திக் கேள்வி கேட்கத் தொடங்கினான் என்பது. நம் குழந்தைகளிடம் நாம் முதலில் எதிர்பார்க்க வேண்டியது அதுவே.