ஒரு நாள் பேர்
(மாதர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"யுத்தத்தில் அகப்பட்ட பிள்ளைகளுக்கு நம்மைப் போன்றவர்கள் என்ன செய்ய முடியும்?" என்று கேட்டீர்கள். பொஸ்னியாவில் நடந்ததைச் சொல்கிறேன்.

1993இல் மொஸ்டார் நகரின் பழைய பாலத்தைக் குண்டுகள் தகர்த்தன. ஆற்றின் இரு கரைச் சனங்களும் பிரிந்துபோனார்கள். அதே ஆண்டு பிரிட்டனில் 'வார் சைல்ட்' அமைப்பு உருவானது. அந்த நகரத்துக்குப் பாண் சுட்டுக் கொடுத்தது.

1995 செப்டம்பர் 4, திங்கட்கிழமை. அந்தப் பிள்ளைகளுக்காக இசைக் கலைஞர்கள் பலர் ஒரே நாளில் பாடிப் பதிவு செய்தார்கள். சனிக்கிழமை இசைத்தட்டு கடைக்கு வந்தது. சேர்ந்த பணம் பத்து லட்சம் பவுணுக்கு மேல்!

பாடகர் பவரொட்டியும் இசை நிகழ்ச்சி நடத்தி நிதி திரட்டினார். 1997இல் மொஸ்டாரில் ஓர் இசை நிலையம் திறந்தார்கள். யுத்தத்தில் பயந்துபோன பிள்ளைகள் அங்கே மேளம் தட்டினார்கள், பாடினார்கள்.

அந்தக் கலைஞர்கள் கொடுத்தது என்ன? நம் கணக்கில் ஒரு நாள் பேர். தனியாக அது சிறிய தொகை. எல்லோரும் சேர்ந்தபோது பெரிய காரியம் நடந்தது. நமது சந்தாவும் அப்படித்தான்.

1977இலும் 1983இலும் லயத்தை விட்டு ஓடிய சனம் நாம். அகதிப் பிள்ளையின் பயம் நமக்குத் தெரியும். எந்த நாட்டுப் பிள்ளையானாலும், எந்த மொழி பேசினாலும், அதற்காகக் கை நீட்டுவோம்.