சிவப்புக் கார் என்ன ஆயிற்று?

(விழுப்புரத்தில் நடந்த ஆஸ்பத்திரி நண்பர்கள் கூட்டத்தில் எங்கள் போதகர் பேசியதன் எழுத்து வடிவம்)



வருஷந்தோறும் இந்தக் கூட்டத்தில் எங்களிடம் ஒரு தியானச் செய்தியை எதிர்பார்ப்பீர்கள். இந்த முறை செயலாளர் வேறொன்று கேட்டுக்கொண்டார். "அந்தச் சிவப்புக் கார் என்ன ஆயிற்று?" என்று உங்களில் பலர் கடிதத்திலும் நேரிலும் விசாரித்தபடியால், அதை ஒருமுறை முழுவதும் சொல்லிவிடும்படி கேட்டார். சொல்லுகிறோம்.

விழுப்புரத்தில் ரயில்வே பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு சகோதரர் நம் ஆஸ்பத்திரியின் நெடுநாளைய நண்பர். 2023-இல் காலமானார். தம்முடைய காரை விற்று, அந்தப் பணத்தை ஏழை நோயாளிகள் நிதிக்குக் கொடுக்கவேண்டும் என்று மனைவியிடம் சொல்லிவைத்திருந்தார். அம்மா வந்து விஷயத்தைச் சொன்னபோது, ஏதோ ஒரு பழைய மாருதி என்றே நினைத்தோம். ஷெட்டுக்குள் தார்ப்பாயை விலக்கினபோது நாங்களும் மேனேஜரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டே இருக்கை. கூரை இல்லை. நீண்ட மூக்கு. முன்சக்கரங்கள் இரண்டும் உடம்பை விட்டு வெளியே நிற்கின்றன. உட்கார்ந்தால் தரை கைக்கெட்டும் தூரம். அம்மா அதில் ஒரே ஒரு தரம் செஞ்சி வரைக்கும் போய்வந்தார்களாம். தலை வாரி முடிக்க அரைநாள் ஆயிற்று, அதற்குப் பிறகு பஸ்தான் என்றார்கள்.

அது சின்காரா ரோட்ஸ்டர் என்னும் வண்டி. சின்காரா என்பது வடநாட்டு மான் வகை ஒன்றின் பெயர். எங்கள் மெக்கானிக் அதைச் "சிங்காரம்" என்றே கடைசிவரை அழைத்தார், நாங்களும் திருத்தவில்லை. நம் நாட்டில் சின்காரா மோட்டார்ஸ் என்ற சிறிய கம்பெனி செய்தது. உருவம் அவர்களுடையதல்ல. இங்கிலாந்தில் காலின் சாப்மன் என்பவர் 1957-இல் வெளியிட்ட லோட்டஸ் செவன் என்னும் பந்தயக் காரின் சாயல் அது.

அந்த மூலக் காரின் கதை சுவையானது. அந்நாளில் இங்கிலாந்தில் முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி உண்டு, பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் இல்லை. ஆகவே பெட்டி பெட்டியாக விற்றார்கள். பூட்டும் முறையை அச்சிட்டுக் கொடுத்தால் வரி வந்துவிடும் என்பதால், கழற்றும் முறையை அச்சிட்டுக் கொடுத்து, தலைகீழாகப் படித்துக்கொள்ளச் சொன்னதாக ஒரு கதையும் உண்டு. 1973-இல் அங்கே வரிமுறை மாறி அந்தச் சலுகை போயிற்று. அதே வருஷத்தில் சாப்மன் அந்தக் காரைச் செய்யும் உரிமையைக் கேட்டர்ஹாம் என்ற விற்பனையாளருக்குக் கொடுத்துவிட்டார். பிறகு உலகம் முழுவதும் பலர் அந்தச் சாயலில் கார் செய்தார்கள். நம்முடையதும் அந்தக் கூட்டத்தில் ஒன்று. ஆனால் உள்ளே இருப்பது ஜப்பானிய இசுசு 1.8 லிட்டர் பெட்ரோல் இஞ்சின். நம் அம்பாசிடரிலும் கான்டஸாவிலும் ஓடிய அதே இஞ்சின் என்றால் உங்களுக்கு எளிதில் விளங்கும்.

சகோதரர் அதைப் பெங்களூரில் கைமாற்றாக வாங்கி, அங்கே தடையில்லாச் சான்று பெற்று, நம் மாநிலத்துக்குரிய வரியைக் கட்டி, விழுப்புரத்தில் டி.என். 32 என்று பதிவு செய்திருந்தார். முதற்பதிவு 2007. பதினைந்து வருஷம் 2022-இல் முடிந்தது. அந்த ஏப்ரல் மாதம் முதல் பழைய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. அவர் முணுமுணுத்துக்கொண்டே கட்டினாராம். பசுமை வரி ரசீதும் அதனோடு சேர்த்துக் குத்தியிருந்தது. 2027 வரை பதிவு இருந்தபடியால் எங்கள் வேலை பாதி குறைந்தது.

மீதிப் பாதியை அவருடைய நோட்டுப் புத்தகம் குறைத்தது. நீளக் கணக்கு நோட்டு. எண்ணெய் மாற்றின தேதி, ஓடின கிலோமீட்டர், பிரேக் திரவம், பிளக், பெல்ட், எல்லாம் ரயில்வே ஒழுங்கோடு எழுதியிருக்கிறது. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 1419 என்றால் 2019-ஆம் வருஷத்தின் 14-ஆம் வாரம் செய்தது. அதையும் எழுதிவைத்து, "தேயாவிட்டாலும் வயதாகிவிட்டது" என்று குறித்திருந்தார். நல்லவை மாத்திரமா? இல்லை. கல் அடித்து ஃபைபர் உடம்பில் சிலந்தி வலைபோல் விரிந்த கீறல்கள் எங்கே எங்கே என்று படம் வரைந்திருந்தார். இடப்பக்கத்து அடிக்குழாயில் துரு பிடித்து, சுரண்டிப் பற்றவைத்த இடம் ஒன்று. கடைசிப் பக்கத்தில், 2023 முதல் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வரத் தொடங்கியதால் பழைய ரப்பர் குழாய்கள் தாங்கா, மாற்றவேண்டும் என்று எழுதி, மாற்றின தேதிக்கு இடம் விட்டிருந்தார். அந்த இடம் காலியாகவே இருந்தது. மெக்கானிக்கை வைத்து நாங்கள் குழாய்களை மாற்றித் தேதியைப் போட்டோம்.

முதலில் வந்தவர் சென்னையிலிருந்து ஒரு வியாபாரி. கையில் பணம், பேச்சில் தேன். வந்தவுடன் டயர் சரியில்லை, பெயின்ட் சரியில்லை, இந்த வண்டியை யார் வாங்குவார் என்றார். வாங்குகிறவர்களின் இந்தப் பழக்கத்தைப் பற்றி நீதிமொழிகள் 20-ஆம் அதிகாரத்திலேயே சொல்லியிருக்கிறது. ஆனால் அவர் சொன்ன விலை மோசமில்லை. பிறகு வந்தவரைவிட 60,000 ரூபாய் அதிகம். இரண்டு காரியம் கேட்டார். மூக்கில் ஒரு லோட்டஸ் முத்திரையை ஒட்டிக்கொள்ளுவார், நாங்கள் ஒன்றும் பேசக்கூடாது. இரண்டாவது, 29-ஆம் படிவத்திலும் 30-ஆம் படிவத்திலும் வாங்குகிறவர் பெயரை எழுதாமல் அம்மாவிடம் வெறும் கையெழுத்து வாங்கித் தரவேண்டும். யாருக்கு விற்கிறாரோ அவர் பெயரைப் பின்னால் நிரப்பிக்கொள்ளுவாராம். பழைய வண்டி வியாபாரிகள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் வாங்கவேண்டும் என்று 2023 ஏப்ரல் முதல் விதி இருக்கிறதே, வாங்கியிருக்கிறீர்களா என்று மேனேஜர் கேட்டார். அதற்கு ஒரு சிரிப்பு மாத்திரம் வந்தது.

இங்கே நாங்கள் எங்கள் பழைய தவறு ஒன்றைச் சொல்லவேண்டும். பல வருஷங்களுக்கு முன்னே ஒரு ஜீப்பை இப்படித்தான் வெற்றுக் கையெழுத்துப் போட்டு விற்றோம். அது மூன்று கை மாறியது, பெயர் மாறவில்லை. ஒரு நாள் நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தது. அந்த ஜீப் ஒரு சைக்கிள்காரரை இடித்திருந்தது, இன்ஷ்யூரன்ஸும் இல்லை. வண்டியை நாங்கள் கண்ணால் பார்த்தே வருஷக்கணக்காகியிருந்தது. ஆனால் புத்தகத்தில் எங்கள் பெயர். காலை இழந்த அந்த மனிதரின் மனைவி வராந்தாவில் எங்களைப் பார்த்த பார்வையை நாங்கள் மறக்கவில்லை. 2018-இல் உச்ச நீதிமன்றமும் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. எத்தனை கை மாறினாலும், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாளி.

இந்தக் காரிலோ பெயர் அம்மாவுடையது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் வைத்து 31-ஆம் படிவத்தில் அவர்கள் பெயருக்கு மாற்றியிருந்தோம். எழுபது வயதான விதவை, பார்த்தறியாத ஒருவன் ஓட்டும் பந்தயக் காருக்காகக் கோர்ட்டுப் படி ஏறவேண்டுமா? 60,000 ரூபாய் என்றால் எத்தனை நோயாளிகளுக்கு மருந்து என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அன்றிரவு எங்களுக்குத் தூக்கம் வரவில்லை. ஆனாலும் வியாபாரிக்கு முடியாது என்று சொல்லியனுப்பினோம்.

இரண்டு மாதம் ஒருவரும் வரவில்லை. கமிட்டியில் எங்கள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்கள்.

பிறகு திண்டிவனத்திலிருந்து ஒரு வாலிபன் தகப்பனாரோடு வந்தான். படித்து முடித்து நல்ல வேலையில் இருக்கிறவன், காரைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. நோட்டை அவன் கையில் கொடுத்து, முழுவதும் படித்தபிறகு விலை பேசலாம் என்றோம். இது லோட்டஸ் அல்ல, சாயல் என்று சொன்னோம். "தெரியும் ஐயா, அதனால்தான் என் சம்பளத்துக்கு எட்டுது" என்றான். இதைவிடப் பெரிய இஞ்சின் வைக்கலாமா என்று கேட்டான். கூடாது தம்பி, கம்பெனி செய்து பதிவில் ஏறினபடியே இருக்கவேண்டும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, மாற்றினால் பதிவே போய்விடும் என்றோம்.

அதற்குப் பின் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, மெக்கானிக் ஓட்ட, ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு அனுப்பினோம். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அந்தச் சாலை எங்கள் அவசரப் பிரிவுக்கு அனுப்புகிறவர்களை நாங்கள் அறிவோம். ஒரு லாரியின் பக்கத்தில் மெதுவாகப் போகும்படி மெக்கானிக்கிடம் முன்னமே சொல்லியிருந்தோம். திரும்பி வந்தவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "லாரி வீல் என் தலை உயரத்துக்கு இருந்துச்சு ஐயா. டிரைவருக்கு நாங்க இருந்ததே தெரியல" என்றான். காற்றுப்பையும் இல்லை, கூரையும் இல்லை என்பதைத் தகப்பனாருக்கு நாங்கள் விளக்கவேண்டிய தேவை அதற்குமேல் இருக்கவில்லை. விலை படியாது என்றே எண்ணினோம்.

பத்து நாள் கழித்துத் தகப்பனார் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மாத்திரம், மயிலம் பக்கத்துக் கிராமச் சாலைகளில் மாத்திரம் ஓட்டுவதாகப் பையன் ஒப்புக்கொண்டானாம். வாலிபர்களின் ஒப்புதல் எவ்வளவு நிற்கும் என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆனால் பெயரையும் குறையையும் மறைக்காமல் விற்றோம். அதற்குமேல் விற்கிறவர் கையில் இருப்பது கொஞ்சமே.

அம்மாவும் பையனும் இரண்டு படிவங்களிலும் பெயர், முகவரி, தேதி எல்லாம் நிரப்பி எங்கள் முன்பாகக் கையெழுத்திட்டார்கள். விற்றதாக அறிவிக்க விற்கிறவருக்கு 14 நாள், வாங்குகிறவருக்கு 30 நாள் அவகாசம் உண்டு. நாங்கள் மறுநாளே திண்டிவனம் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனோம். ஆய்வாளர் சேஸிஸ் எண்ணின்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தார். இஞ்சின் எண்ணையும் பார்த்தார். பிறகு இது என்ன வண்டி என்று கேட்டுவிட்டு, தாமும் ஒருமுறை உள்ளே உட்கார்ந்து பார்த்தார். இன்ஷ்யூரன்ஸும் அந்த வாரமே பையன் பெயருக்கு மாறியது. ஒரே மாநிலம் ஆனபடியால் டி.என். 32 எண் அப்படியே இருக்கிறது, பெயர்தான் புதிது. அந்தப் புதிய புத்தகத்தின் நகல் வந்து சேர்ந்த பிறகே அம்மா பணத்தை நிதிக்குக் கொடுக்க, நாங்கள் ரசீது எழுதினோம்.

நோட்டு காரோடு போயிற்று. பையன் அதில் தொடர்ந்து எழுதுகிறான், போன மாதம் புது டயர் போட்டதாக ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். தார்ப்பாயை மாத்திரம் எடுத்துப்போக மறந்துவிட்டான். அது இன்னும் அம்மாவின் ஷெட்டில் இருக்கிறது. கூட்டம் முடிந்து திண்டிவனம் போகிறவர்கள் யாராவது இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள்.