வலியைச் சொல்வது பொறுமைக்கு எதிரானதா?

 



சில ஆண்டுகளுக்கு முன், நம் போடிநாயக்கனூரிலிருந்து நாள்தோறும் ஜீப்பில் ஏறி ஏலத் தோட்டத்திற்கு வேலைக்குச் செல்லும் ஒரு பெரியவர், ஜும்ஆ முடிந்தபின் என்னிடம் வந்தார். மூட்டை சுமந்து சுமந்து குடலிறக்கம் ஏற்பட்டு, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். "ஹஜ்ரத், தையல் பிரித்து ஆறு மாதம் ஆகிவிட்டது. புண்ணும் ஆறிவிட்டது. ஆனால் தொடையிடுக்கில் கங்கு வைத்தாற்போல் எரிகிறது. கைலி உரசினாலே உயிர் போகிறது. ருகூஉவுக்குக் குனிந்தால் மின்சாரம் பாய்ந்ததுபோல் இழுக்கிறது" என்றார். நான் அவரது தோளில் கை வைத்து, "பொறுமையாக இருங்கள் பாய், வலி பாவங்களைப் போக்கும்" என்று கூறி, ஓதி ஊதி அனுப்பிவிட்டேன்.

நான் சொன்னது பொய்யன்று. ஆனால் அன்று அவருக்குத் தேவைப்பட்ட பதிலும் அதுவன்று. அதன்பின் அவர் தம் வலியைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கினார். ஒரு நாள் மலம் கறுத்துப் போய், மயங்கி விழுந்தார். வயிற்றுப் புண்ணிலிருந்து இரத்தம் கசிந்திருக்கிறது. அல்லாஹ்வின் அருளால் உயிர் பிழைத்தார். நலம் விசாரிக்கச் சென்ற என்னிடம், "நீங்கள் பொறுக்கச் சொன்னீர்கள், அதனால்தான் டாக்டரிடம் சொல்லவில்லை" என்றார். அச்சொல் என் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. இந்த உரை அவருக்கு நான் செலுத்தவேண்டிய கடன்.

பொறுமை என்பது மௌனம் அன்று

ஐயூப் நபி (அலை) அவர்களைவிடப் பொறுமைக்கு எடுத்துக்காட்டு யார்? அவர்கள் தமக்கு நேர்ந்த துன்பத்தை இறைவனிடம் வாய்விட்டுச் சொன்னார்கள் என்று திருக்குர்ஆன் எடுத்துரைக்கிறது. அதே குர்ஆன்தான் அவர்களைப் பொறுமையாளர் என்றும் புகழ்கிறது. நோய் தீரக் காலால் பூமியை உதைக்குமாறு கட்டளை வந்தது, நீரூற்றுப் பொங்கியது. அதாவது, நிவாரணத்திற்கும் ஒரு முயற்சி விதிக்கப்பட்டது.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தலைவலியால் வருந்திச் சொன்னபோது, தமது தலையும் வலிப்பதாக நபி (ஸல்) அவர்கள் கூறியதை புகாரி ஷரீஃபில் காண்கிறோம். வலியைச் சொல்வது குறையென்றால், அந்தப் புனித நாவிலிருந்து அச்சொல் வந்திருக்குமா?

மேடைகளில் நாம் உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்) அவர்களின் வரலாற்றைச் சொல்கிறோம். அழுகிய காலை வெட்டும்போது மயக்கம் தரும் பானத்தை அவர்கள் மறுத்துவிட்டார்கள் என்று கேட்டு நெஞ்சுருகுகிறோம். அது ஒரு மாமனிதரின் தனித்த உறுதி. அதைச் சாமானியர் அனைவர்க்கும் சட்டமாக்க எவருக்கும் உரிமையில்லை. அழுகிய உறுப்பை நீக்கும்போது உணர்வை மழுங்கச் செய்யும் மருந்தைக் கொடுக்கலாம் என்று ஃபிக்ஹு நூல்களில் அறிஞர்கள் எழுதியே வைத்திருக்கிறார்கள்.

இது எத்தகைய வலி?

புண் ஆறியபின் ஏன் வலிக்கவேண்டும்? கத்தி படும் இடத்தில் நுண்ணிய நரம்புகள் அறுபடலாம், நசுங்கலாம், தழும்பில் சிக்கிக்கொள்ளலாம். அவ்வாறு பழுதுபட்ட நரம்பு, ஆபத்து நீங்கிய பின்னரும் மூளைக்கு ஆபத்துச் செய்தியை அனுப்பிக்கொண்டே இருக்கும். திருடன் போன பின்னும் நிற்காத எச்சரிக்கை மணி போன்றது அது. அறுவைக்குப்பின் மூன்று மாதம் கடந்தும், வேறு காரணமின்றி வலி நீடித்தால் மருத்துவர்கள் அதை ஒரு தனி நோயாகவே கருதுகிறார்கள். அறுவையின் வகையைப் பொறுத்து நூற்றுக்குப் பத்திலிருந்து ஐம்பது பேர் வரை நீடித்த வலிக்கு ஆளாகலாம் என்றும், நூற்றுக்கு இரண்டிலிருந்து பத்துப் பேருக்கு அது கடுமையாக இருக்கும் என்றும் 2006-இல் லான்செட் மருத்துவ இதழ் எழுதியது. குடலிறக்கம், மார்பகம், நெஞ்சறை, உறுப்பு நீக்கம், சிசேரியன் என எந்த அறுவைக்குப் பின்னும் இது நேரலாம்.

"எல்லாம் மனப்பிரமை" என்று வீட்டார் சொல்வதுண்டு. சர்க்கரை நோயால் காலை இழந்தவரைக் கேட்டுப் பாருங்கள். இல்லாத காலின் விரல் வலிக்கிறது என்பார். அவர் பொய் சொல்லவில்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற நம் தமிழர் வி.எஸ். இராமச்சந்திரன், 1990-களில் கண்ணாடிப் பெட்டி ஒன்றைக் கொண்டு, இருக்கும் கையின் பிம்பத்தை இழந்த கையாக மூளைக்குக் காட்டிச் சிலரது வலியைத் தணித்தார். வலி உண்மை, அதை உணர்வது மூளை என்பதும் உண்மை.

மருத்துவரிடம் "வலிக்குது" என்று மட்டும் சொல்லாதீர்கள். கி.பி. 1037-இல் மறைந்த இப்னு சீனா தமது மருத்துவப் பெருநூலில் வலியைப் பதினைந்து வகையாகப் பிரித்தார். எரிகிறதா, குத்துகிறதா, மரத்துப்போகிறதா, துணி பட்டாலே கூசுகிறதா, இரவில் கூடுகிறதா என்று சொல்லுங்கள். எரிச்சலும் மின்சாரம் பாய்வதும் மரத்தலும் நரம்பு வலியின் அடையாளங்கள். சர்க்கரை நோயும் வைட்டமின் பி-12 குறைவும் நரம்பைக் கெடுக்கும். ஆதலால் அவற்றையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

மருந்தைத் தேர்ந்தெடுத்தல்

டிக்ளோபெனாக் போன்ற சாதாரண வலி மாத்திரைகள் நரம்பு வலிக்குப் பெரிதும் உதவுவதில்லை. நீண்ட நாள் உண்டால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். "நரம்புச் சத்து" என்று ஆண்டுக்கணக்கில் விழுங்கும் மாத்திரையில் பி-6 அளவு மிகுந்தால், அதுவே நரம்பைக் கெடுக்கும்.

நரம்பு வலிக்கென மருத்துவர்கள் முதலில் தரும் மருந்துகள் வேறு. அமிட்ரிப்டிலின், நார்ட்ரிப்டிலின், டுலாக்செட்டின் ஆகியவை மனச்சோர்வுக்கும் தரப்படுபவை. கபாபென்டின், பிரிகாபலின் ஆகியவை வலிப்பு நோய்க்கும் தரப்படுபவை. இங்கேதான் நம் பெரியவர் மீண்டும் தடுக்கி விழுந்தார். மருத்துவர் எழுதிய சீட்டைப் பார்த்து யாரோ "இது மனநோய் மாத்திரையாச்சே" என்று சொல்ல, மூன்றாம் நாளே நிறுத்திவிட்டார். ஒரே மருந்து இரு நோய்க்கு உதவுவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? நரம்பின் தவறான செய்தியை அது அடக்குகிறது, அவ்வளவே.

நான்கு செய்திகளை மனத்தில் வையுங்கள். முதலாவது, இவை இன்று உண்டு இன்றே கேட்கும் மருந்துகள் அல்ல. சிறிய அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவார்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். இரண்டாவது, எல்லோருக்கும் எல்லா மருந்தும் கேட்பதில்லை. 2015-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பின்படி, அமிட்ரிப்டிலின் வகையில் ஏறத்தாழ நால்வருக்குக் கொடுத்தால் ஒருவருக்கும், பிரிகாபலினில் ஏறத்தாழ எட்டுப் பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்கும் வலி பாதியாகக் குறைகிறது. ஒன்று கேட்காவிட்டால் அடுத்ததைக் கேளுங்கள், நம்பிக்கை இழக்காதீர்கள். மூன்றாவது, தலைசுற்றலும் தூக்கமும் வரும். போடிமெட்டின் கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் ஓட்டுபவர் இதை மருத்துவரிடம் மறைத்தால், அவருடைய உயிர் மட்டுமன்று, பின்னால் அமர்ந்திருக்கும் கூலிப் பெண்களின் உயிரும் ஆபத்தில். இதயம், சிறுநீரகம், கண் அழுத்தம், சிறுநீர் அடைப்பு முதலிய தொல்லைகள் இருந்தால் அவற்றையும் சொல்லுங்கள். நான்காவது, நீங்களாகவே திடீரென நிறுத்தாதீர்கள். படிப்படியாகவே குறைக்கவேண்டும்.

மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்ன் பூச்சு, நரம்பைச் சுற்றிப் போடும் ஊசி, உடற்பயிற்சி முதலிய வழிகளும் உண்டு.

"இது போதை இல்லையா?"

பலரும் கேட்கும் கேள்வி இது. மேலே சொன்னவற்றை மருத்துவர் அளந்த அளவில் நோய்க்காக உண்பது போதையாகாது. டிரமடால், மார்பின் போன்றவை வேறு வகை. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் 2014-இல் திருத்தப்பட்டு, மார்பின் போன்ற இன்றியமையாத மருந்துகள் நோயாளிக்குக் கிடைப்பது எளிதாக்கப்பட்டது. டிரமடால் 2018-இல் அச்சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. ஒன்று தேவைப்படுபவருக்குக் கிடைக்கவேண்டும் என்ற நீதி; மற்றொன்று தேவையற்றவர் கையில் சேரக்கூடாது என்ற காவல். நரம்பு வலிக்கு இவை கடைசி வழியே. தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடலாம். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொள்ளும் இளைஞர்களைப் பற்றி நாளிதழ்களில் படிக்கிறோம். ஆகவே மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள். மீந்ததைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பது தர்மமாகாது.

தொழுகையில் நிற்க இயலாதவர் அமர்ந்து, அதற்கும் இயலாதவர் படுத்துத் தொழலாம் என்று மூலநோயால் அவதியுற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் வழி காட்டினார்கள். ரமளானில் மருந்து வேளையை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்ற முடியுமா என்று முன்னதாகவே மருத்துவரிடம் கேளுங்கள். முடியாதெனில் நோயாளிக்கு அல்லாஹ் அளித்த சலுகை இருக்கிறது.

நம் கடமை

மலைக்கு அப்பால் கேரளத்தில், 1993-இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் இராஜகோபாலும் சுரேஷ்குமாரும் வலி தணிப்பு மருத்துவமனையைத் தொடங்கினார்கள். அது ஊர் மக்களே நோயாளியின் வீடு தேடிச் செல்லும் பெரும் பணியாக வளர்ந்தது. நம் மஹல்லாவில் மையித்து வீட்டுக்கு ஓடுகிறோம். வலியில் கிடப்பவர் வீட்டுக்கு ஏன் நடப்பதில்லை? இன்று வீடு திரும்பியதும் உங்கள் மனைவியிடம், தாயிடம் கேளுங்கள்: "ஆபரேஷன் செய்த இடம் இன்னும் வலிக்கிறதா?" கேட்கும்வரை அவர்கள் சொல்லமாட்டார்கள்.

அந்தப் பெரியவரை இம்முறை நானே மதுரைக்கு அழைத்துச் சென்றேன். 2023 ஜூனில் நம் ஊருக்கு ரயில் மீண்டும் வந்தது வசதியாயிற்று. நிறுத்திய மருந்தை மருத்துவர் மீண்டும் தொடங்கினார். சில மாதங்கள் கழித்து, பள்ளியில் நாற்காலியில் அமர்ந்து தொழுதவரிடம், "வலி போய்விட்டதா பாய்?" என்று கேட்டேன். "போகவில்லை ஹஜ்ரத். ஆனால் இப்போது தூங்க விடுகிறது" என்று சிரித்தார்.

வல்ல ரஹ்மான் நோயுற்றோருக்கு ஷிஃபாவையும், அவர்களைச் சூழ்ந்திருப்போருக்குக் கேட்கும் செவியையும், என் போன்றோருக்கு அறிந்து பேசும் நாவையும் தந்தருள்வானாக! ஆமீன்.