பின்வாங்கும் பனிக்கட்டியாறு

சுவிற்சர்லாந்தின் உயர்மலைகளிடையே, பூர்க்கா கணவாயின் அருகில், ரோன் நதி பிறக்கின்றது. அதனை ஈன்றது ஒரு பனிக்கட்டியாறு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதன் நுனி கிளெச் என்னும் சிற்றூரின் பள்ளத்தாக்குவரை இறங்கிப் பரந்து கிடந்தது. இன்று அங்கு நின்று நோக்குவோர் காண்பது வெறும் பாறைச் சரிவே.

1874ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் அப்பனியின் குறுக்கே வர்ணந் தீட்டிய கற்களை நேர்வரிசையாக அடுக்கினர். ஆண்டுதோறும் அளந்தபோது வரிசை வில்லென வளைந்து வந்தது. நடுப்பனி விரைந்தும் கரைப்பனி தயங்கியும் நகர்தல் இதனாற் புலனாயிற்று. 1915 வரை அப்பணி நீடித்தது.

பனி கீழ்நோக்கி நகர்ந்தும் நுனி பின்வாங்குவானேன்? மாரியில் விழும் பனி வரவு. கோடையில் உருகுவது செலவு. செலவு மிகுந்தால் நுனி குறுகும். இக்காலத்தார் பனியிலே துளையிட்டுக் கழிகளை நாட்டுகின்றனர். கோடை முடிவில் வெளித்தோன்றும் கழியின் நீளமே உருகிய அளவைக் கூறும். 1850களுக்குப் பின் நுனி ஒரு கிலோமீற்றருக்கும் மேலாகப் பின்வாங்கிவிட்டது. அதன் முன்னே புதியதோர் ஏரி தேங்கியுள்ளது. அங்குள்ள பனிக்குகையைக் கோடையில் வெண்போர்வைகளால் மூடுகின்றனர். அவை ஒரு மூலையைக் காக்கும், பனி முழுவதையும் காவா.

வறண்ட கோடையிலே நதியை வற்றாது காப்பது இப்பனியே. உருகல் மிகுங்கால் முதலில் நீர் பெருகும். சேமிப்புத் தேய்ந்தபின் குறையும். முதலை எடுத்துச் செலவிடுபவனும் சிலகாலம் செல்வனாகவே தோன்றுவான். அத்தோற்றத்தில் மயங்காதிருக்கவே ஆண்டுதோறும் இந்த அளவை தொடர்கின்றது.